பஞ்சடைத்த சுவரில் ஒரு கதவு

ரௌஹாவுக்குக் குளிர் புதிதல்ல. மிச்சிகனில் பெரிய ஏரியின் கரையில் பிறந்தவள். மினசோட்டாவின் இந்த இரும்புச் சுரங்க ஊருக்குப் பள்ளிக்கூடச் சமையல்காரியாக வந்தபோது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பின்லாந்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிறைந்த ஊர் இது. வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று பயந்தவர்கள் மாதிரிதான் நாங்கள் எல்லோருமே இருப்போம். அப்படிப்பட்ட ஊரிலேயே ஊமை என்று பெயர் வாங்கியவன் ஆர்மாஸ் லெஹ்தோலா. சுரங்கத்தில் மண்வாரி இயந்திரம் ஓட்டுபவன். ஒரு விடுமுறை நாளில் பள்ளிக்கூட அடுப்பைச் சரிபார்க்க வந்தவன், அவள் சுட்ட ஏலக்காய் ரொட்டியைத் தின்றுவிட்டு, சரிபார்க்க ஒன்றுமில்லாத நாள்களிலும் வர ஆரம்பித்தான். கல்யாணப் பேச்சை எடுத்தது அவள்தான். அவன் ‘சரி’ என்றான். அந்த ஒரு சொல்லுக்கே ஊர் அசந்துபோனது.

அவனுக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகியிருந்தது அவளுக்குத் தெரியும். முதல் மனைவி எல்லை தாண்டி, கனடாவில் இருந்த தன் ஆட்களிடம் போய்விட்டாள். “ஒத்துவரல” என்று மட்டும் சொன்னான். ரௌஹாவும் கிளறவில்லை. வந்த இடத்தில் நல்லபடியாக இருந்துவிட்டுப் போக வேண்டும் என்பதே அவளுக்கு இருந்த ஒரே ஆசை. அதுவரை வாடகை அறைகளிலேயே காலம் தள்ளியவள் அவள். இது என் வீடு என்று ஒரு சுவரைத் தொட்டுச் சொல்ல அவளுக்கு வாய்த்ததில்லை.

ஆனால் இந்த வீட்டுச் சுவரைத் தொட்டால் கை விறைத்தது. ஆர்மாஸ் தன் கையால் கட்டிய மரவீடு. வெளியே பலகை, உள்ளே சுண்ணாம்பு அட்டை, நடுவில் வரிசையாக நிற்கும் மரச்சட்டங்கள். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையே வெறும் காற்று. ஜனவரியில் சமையலறைச் சுவரில் மாட்டிய துணி சுவரோடு ஒட்டிக்கொண்டுவிடும். வீடு முழுவதிலும் சில்லிடாத இடம் ஒன்றே ஒன்றுதான். பின்னறையின் வெளிச்சுவரில், அவன் நாற்காலியின் முதுகு சாயும் இடம். மகராசன் தனக்கு மட்டும் நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டான் என்று அவள் மனத்துக்குள் பொருமுவாள்.

“ஊர்ல எல்லாரும் சுவத்துக்குப் பஞ்சு அடைச்சிட்டாங்க. நாம மட்டும் தெருவுக்கு அடுப்பு எரிச்சுக்கிட்டிருக்கோம்” என்பாள்.

“மரம் போதும்.”

“மரம் உனக்குப் போதும். எனக்கு விரல் மடங்க மாட்டேங்குது.”

“கையுறை போட்டுக்க.”

“கையுறை போட்டுக்கிட்டு மாவு பிசையவா? நல்ல ஆளைக் கட்டினேன் போ.”

அவனிடம் வேறு சில கோணல்களும் இருந்தன. சனிக்கிழமை தோறும் தோட்டத்துச் சவுனாவில் நீராவிக் குளியல் எடுப்பது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. ஆண்டவனுக்கு ஞாயிறு, சவுனாவுக்குச் சனி. குளியல் முடிந்ததும் மற்றவர்கள் பின்கதவு வழியாக நாலே எட்டில் வீட்டுக்குள் ஓடுவார்கள். இந்த வீட்டில் பின்கதவே இல்லை. ஆர்மாஸ் ஈர உடம்போடு பனியில் வீட்டையே சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வருவான். “வீடு கட்டுறப்ப பின்னாடி ஒரு கதவு வைக்கத் தோணலியா?” என்று அவள் கேட்டதற்கு, “மறந்துட்டேன்” என்றான். அடுத்தது, உறைபனி விழுந்த காலைகளில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கச் சுவரைப் பெருக்குவான். தரையைப் பெருக்கும் ஆண்பிள்ளையே ஊரில் அபூர்வம். இவன் சுவரைப் பெருக்கினான். ஊர் சிரிக்கவில்லை என்பதை ரௌஹா அப்போதே கவனித்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கடுங்குளிரில் எங்கள் வீடுகள் சத்தம் போடும். சட்டங்கள் சுருங்கி, ‘டக்’கென்று யாரோ தட்டியது போலக் கேட்கும். பிறந்த குழந்தைகூட அதற்கு விழிக்காது. ஆர்மாஸ் மட்டும் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் முன்கதவைத் திறந்து பார்ப்பான். உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்சச் சூடும் வெளியே போகும். “மரம்தான்யா சத்தம் போடுது, உக்காரு” என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவன் முகம் வெளிறிப்போகும். அவள் அதைக் குளிர் என்று நினைத்தாள்.

அடுப்பெரிக்கும் எண்ணெய் விலை தலைக்கு மேல் ஏறிய வருஷம், நவம்பரில், மான் வேட்டைக்காலம் வந்தது. அந்த நாள்களில் எங்கள் ஊரில் ஆண் வாடையே இருக்காது. அத்தனை பேரும் காட்டுக் குடிசைகளுக்குப் போய்விடுவார்கள். ஆர்மாஸும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனான். வேட்டைக்குப் போகாத ஒரே ஆள் லூயி கோசெவர். ஸ்லோவேனியாக்காரன், வாயாடி, சுவருக்குப் பஞ்சு அடைப்பது தொழில். மனைவிமார்கள் தைரியமாக முடிவெடுக்கும் காலம் அதுதான் என்பது அவனுக்குத் தெரியும்.

“அண்ணன் திரும்பி வந்தா என்னைச் சுட்டுருவாருக்கா” என்றான்.

“மானே சிக்காது அந்தாளுக்கு, நீயா சிக்கப்போற. ஆரம்பி.”

வெளிப்பலகையில் சட்டத்துக்குச் சட்டம் நடுவில் துளை போட்டு, குழாயைச் செருகி, கிழித்து அரைத்த செய்தித்தாள் பஞ்சை ஊதி நிரப்பினான். பின்பக்கம் வந்ததும் துளைக்கருவி முனகியது. இடம் மாற்றிப் போட்டான், மறுபடியும் முனகியது.

“என்னக்கா, இங்க எங்க போட்டாலும் கட்டையா இருக்கு? அண்ணன் சுவர் கட்டினாரா, காட்டையே கொண்டாந்து நட்டு வச்சாரா?”

“முன்னெல்லாம் சுரங்கத்துல உத்தரம் முட்டுக்கொடுத்த ஆளு. அப்படித்தான் கட்டியிருப்பான்.”

அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை முடித்து, துளைகளுக்குத் தக்கை அடித்து, பெயின்ட் பூசிவிட்டுப் போனான் லூயி.

ஆர்மாஸ் மானோடு வந்தான். சுவரில் வரிசையாகப் புதுத் தக்கைகளைப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்து, பதிலை நாக்கு நுனியில் வைத்திருந்தாள் ரௌஹா. அவன் மானை அப்படியே பனியில் போட்டுவிட்டு, பின்பக்கம் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

“இங்கயும் ஓட்டை போட்டானா?”

“போட்டான். கட்டையா இருந்துச்சாம். விட்டுட்டான்.”

அவன் தலையை ஆட்டினான். அன்று அவள் வறுத்து வைத்த மான் ஈரலைத் தொடவில்லை.

வீடு என்னவோ சொர்க்கமாகிவிட்டது. மாவு பொங்கியது, விரல் மடங்கியது, ரௌஹா சமையலறையில் பாட்டுக்கூடப் பாடினாள். ஆனால் டிசம்பரில் ஆர்மாஸ் நாற்காலியை அந்தச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டான். ஏன் என்று அவள் கை வைத்துப் பார்த்தாள். வீட்டிலேயே சூடாக இருந்த அந்த இடம் இப்போது வீட்டிலேயே குளிர்ந்த இடமாக இருந்தது. உறைபனி விழுந்த காலையில் வெளியே போய்ப் பார்த்தாள். சுவர் முழுக்க வெள்ளை. அந்த ஓரிடத்தில் மட்டும் பனி உருகி, பலகை கறுப்பாகத் தெரிந்தது. ஆர்மாஸ் துடைப்பத்தோடு வந்தான். முன்பெல்லாம் அந்த இடத்தில்தான் பனி கெட்டியாகப் படியும், அதைத்தான் அவன் பெருக்குவான். இந்தத் தடவை பெருக்கி அழிக்க அந்த இடத்தில் ஒன்றுமில்லை. மற்ற இடத்துப் பனியைத்தான் அழிக்க வேண்டியிருந்தது. அவன் சுவர் முழுவதையும் பெருக்கினான்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு உள்சுவரிலும் அது வந்தது. முதலில் மங்கலாக நெட்டுக்கோடுகள், ஒரே இடைவெளியில், விலா எலும்புகள் மாதிரி. பிறகு அவற்றின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கறுத்த நிழல். மேலே நேர்க்கோடு, இரண்டு பக்கமும் நேர்க்கோடு, கீழே தரை வரைக்கும். ரௌஹா சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தாள், வந்தது. ஆர்மாஸ் வெள்ளை அடித்தான், மறுபடி வந்தது. பின்னறைக்குப் போனால் அங்கே யாரோ தனக்கு முன்னாலேயே வந்து நிற்பது போல அவளுக்கு முதுகு சிலிர்த்தது. விளக்கைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தாள்.

ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பதுக்கு இறங்கிய ஒரு மத்தியானம், சட்டம் ‘டக்’கென்றது. ஆர்மாஸ் எழுந்தான். முன்கதவுக்குப் போகவில்லை. அந்த நிழலுக்கு முன்னால் போய் நின்றான். உதடு அசைந்தது. எப்போதும் பேசாத மனிதன் சுவரோடு பேசுவதை ரௌஹா பார்த்தாள். முதல் மனைவிதான் என்று முடிவு கட்டினாள். போனவள் போகவில்லை, இந்தச் சுவரில் நின்றுகொண்டு, ‘இது என் வீடு, நீ எழுந்து போ’ என்கிறாள். அப்படித்தான் பட்டது அவளுக்கு. வாழ்நாளில் முதல்தடவையாகக் கிடைத்த வீடு கைநழுவுகிறது என்ற பயம், பேய்ப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தயாராக வைத்தாள். காரணம் தெரிய வேண்டும். இல்லையென்றால் மிச்சிகனில் இருக்கும் தங்கையிடம் போய்விட வேண்டும்.

பக்கத்து வீட்டு எல்மியிடம் கேட்டாள். எல்மிக்கு ஊர்க்கதை அத்தனையும் அத்துப்படி.

“எல்மி, அந்தப் பின்சுவத்துல என்ன இருக்கு?”

எல்மி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “உனக்கு அவன் சொல்லவே இல்லியாடி?”

“எதை?”

“அடக் கடவுளே. இத்தனை வருஷமா தெரியும்னுல்ல நெனச்சோம்.”

“அப்ப நீ சொல்லு.”

“என்னால ஆகாது. அது அவன் வாயிலருந்துதான் வரணும்.”

எங்கள் ஊரின் லட்சணம் இதுதான். மரியாதை மரியாதை என்று ஒருத்தியை வருஷக்கணக்கில் இருட்டிலேயே உட்கார வைத்துவிடுவோம். அதை எவனும் தப்பென்று நினைப்பதில்லை.

ரௌஹா லூயியைக் கூப்பிட்டாள். பஞ்சைச் சரியாக அடைக்காமல் ஏமாற்றிவிட்டாயா என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். அவன் சுவரைப் பார்த்தான், தடவினான், தட்டினான்.

“இது பேயும் இல்ல பிசாசும் இல்லக்கா. அடுப்புப் புகையும் தூசியும் சுவத்துல எங்க குளிரா இருக்கோ அங்க போய் ஒட்டும்.”

“முன்னெல்லாம் அந்த இடந்தானேப்பா சூடா இருந்துச்சு.”

“இருக்கும். வெத்துச் சுவத்துல மரந்தான் போர்வை. காத்தைவிட மரம் எவ்வளவோ தேவலை. ஆனா சுத்திப் பஞ்சை அடைச்சிட்டா, அதே மரந்தான் ஓட்டை. பஞ்சுகிட்ட மரம் நிக்க முடியாது. சூடு அது வழியாத்தான் வெளிய ஓடும். இந்தக் கோடெல்லாம் ஒவ்வொண்ணும் ஒரு சட்டம்.” அவன் நிழலுக்கு முன்னால் வந்ததும் குரலைத் தணித்தான். “இது சட்டம் இல்லக்கா. வாசல். நிலையை எடுக்காம, உள்ள கட்டை மேல கட்டையா அடுக்கி இறுக்கியிருக்கு. சுரங்கத்து உத்தரக் கட்டையா இருக்கும். ஒரு வாசலை மூட ரெண்டு பலகை போதும். இது மூடினது இல்ல, பொதைச்சது.”

ரௌஹா நிழலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“வெளிய நுரை அட்டை அடிச்சு மேல பலகை போட்டா எல்லாக் கோடும் மறைஞ்சிரும். அடிக்கவா?”

“பொறு. மொதல்ல கேட்டுட்டுச் சொல்றேன்.”

அந்தச் சனிக்கிழமை ஆர்மாஸ் வழக்கம்போலத் தனியாகச் சவுனாவுக்குப் போனான். அவன் அவளை ஒருநாளும் கூட அழைத்ததில்லை. அவள் முன்னாலேயே குளித்துவிட வேண்டும். அன்று அவள் பின்னாலேயே போனாள். சவுனாவுக்குள் கோயிலில் இருப்பது போல இருக்க வேண்டும், அங்கே பொய் கூடாது என்பது எங்களுக்குப் பால்குடிப் பருவத்திலேயே ஊட்டிவிடும் விஷயம். அதை நம்பித்தான் போனாள். கதவு உள்ளே தாழிட்டிருக்கும் என்று நினைத்து இழுத்தாள். அது தாழ்ப்பாளே இல்லாத கதவு. அவன் மேல்படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

“அந்த வாசல் யாருது, ஆர்மாஸ்?”

அவன் அடுப்பின் மேலிருந்த சுடுகற்களில் ஒரு அகப்பைத் தண்ணீரை ஊற்றினான். அது சீறி, ஆவியாகி அடங்கியது.

“சில்யாவுது” என்றான். “என் மக. ஆறு வயசு.”

பிறகு சொன்னான். இதே மாதிரி ஒரு சனிக்கிழமை. இதே குளிர். அவன் மனைவி முதலில் குளித்துவிட்டுத் தலைவலி என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். குழந்தை அப்பாவோடு இருப்பேன் என்று தங்கியது. சூடு தாங்கவில்லை என்றதும், “ஓடு, அம்மாகிட்ட போ” என்று அனுப்பினான். நாலு எட்டுதான். சூடு போகக் கூடாதென்று பின்னாலேயே சவுனாக் கதவைத் தாழிட்டான்.

“சவுனாவுக்கு வாளி தூக்கிட்டு வரப்ப வாசப்படியில தண்ணி சிந்தினேன். தொடைக்கல. அவ அம்மா கதவைச் சாத்தினதும் அது படியோட உறைஞ்சு ஒட்டிக்கிச்சு. சின்னக் கை. தள்ள முடியல.”

“தட்டலியா?”

“தட்டினா. அவ அம்மாவுக்குக் கேட்டுச்சு. எனக்கும் இங்க கேட்டுச்சு. குளிர்ல மரந்தான் சத்தம் போடுதுன்னு நெனச்சேன். அவளும் அதையேதான் நெனச்சா. ரெண்டு பேரும் கேட்டோம், ரௌஹா. ரெண்டு பேரும் மரம்னு நெனச்சோம். கொழந்தை அவகிட்ட இருக்குன்னு நான், எங்கிட்ட இருக்குன்னு அவ.”

கல்லில் இரண்டாவது தடவையும் தண்ணீர் ஊற்றி, ஆற அமர நீராவி பிடித்துவிட்டு அவன் வெளியே வந்தபோது, சில்யா வாசப்படியில் கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலைமுடி கதவோடு உறைந்திருந்தது.

அவன் மனைவி குழந்தையைத் தன் ஊர்க் கல்லறைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வரவில்லை. அவன் சுரங்கத்திலிருந்து கட்டைகளைக் கொண்டுவந்து அந்த வாசலை நிரப்பினான். “அந்த எடத்துல குளிரே வரக்கூடாதுன்னு” என்றான்.

ரௌஹா அழுதாள். குழந்தைக்காக அழுதாள், அவனுக்காக அழுதாள். “மரம்தான்யா சத்தம் போடுது, உக்காரு” என்று தான் சொன்ன ஒவ்வொரு தடவையையும் நினைத்து நினைத்து அழுதாள். கூடவே, இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருந்தானே என்ற ஆத்திரமும் பொங்கியது.

“லூயி அட்டை அடிச்சு மறைச்சிடலாம்ங்கிறான்” என்றாள்.

“வேணாம். நானும் அழிச்சு அழிச்சுப் பாத்துட்டேன். மறைச்சா அவ தெரியமாட்டா.”

ஆத்திரம் அவள் நாக்கை முந்திக்கொண்டது. “தெரிஞ்சு என்ன? கதவைக் கட்டையால அடைச்சவன் நீதானே. இனி அவ வந்து தட்டினாலும் யாரு திறப்பா?”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவன் எழுந்து, எப்போதும் போல வீட்டைச் சுற்றிக்கொண்டு நடந்து போனான். ரௌஹா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். போகும் எண்ணம் போய்விட்டது. ஆனால் அவன் தன்னை இருக்கச் சொல்வானா என்பது அவளுக்குத் தெரியவில்லை. வாரக்கணக்கில் அவன் பேசவே இல்லை.

ஏப்ரலில், இன்னும் பனி கரையாத ஒரு காலையில், சுவர் அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். ஆர்மாஸ் கடப்பாறையோடு வெளியே நின்று பலகைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். கட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவள் ஒன்றும் கேட்காமல் கையுறை போட்டுக்கொண்டு போய், விழுந்த கட்டைகளைச் சவுனா விறகோடு அடுக்கினாள். மத்தியானம் லூயியும் வந்து சேர்ந்தான். எப்போதும் லொடலொடவென்று பேசுபவன் அன்று வாயைத் திறக்கவில்லை. புதுக் கதவு, கீழே வாசப்படிக்கும் கதவுக்கும் இடையே ரப்பர் பட்டை. தண்ணீர் தேங்காதபடி படியைச் சரிவாக இழைத்திருந்தான் ஆர்மாஸ்.

அந்தச் சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். ரௌஹா சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். சவுனாக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆர்மாஸ் நேராக நடந்து வந்தான். வீட்டைச் சுற்றிப் போகவில்லை. புதுக் கதவில் தாழில்லை, பூட்டில்லை, தள்ளினால் போதும். அவன் தள்ளவில்லை. தட்டினான். மெதுவாக, மிகத் தாழ்வாக, இடுப்புக்கும் கீழே.

ரௌஹா காப்பியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அவன் இரண்டாவது தடவை தட்டுவதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். வாசப்படியில் அவன் முழங்காலிட்டிருந்தான். தலைமுடியில் பனி பிடித்திருந்தது.

“ஒட்டிக்கல” என்றான்.

“ஒட்டாது. உள்ள வா” என்று கையைப் பிடித்துத் தூக்கினாள்.

அதன்பிறகு அவர்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள். அவன் கொஞ்சம் பேசவும் செய்தான்; பெரும்பாலும் சில்யாவைப் பற்றி. ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு தூக்கத்தில் போய்ச் சேர்ந்தான். ரௌஹா அந்த வீட்டிலேயே இருந்தாள். லூயி கடைசியில் வெளியே நுரை அட்டை அடித்துக் கொடுத்தான். சுவரில் கோடும் இல்லை, நிழலும் இல்லை.

ஆனால் குளிர் நாற்பதுக்கு இறங்கும் நாள்களில் சட்டம் ‘டக்’கென்றால், கிழவி எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்ப் பின்கதவை அகலத் திறந்து வெளியே பார்ப்பாள். அப்படி ஒரு நாள் லூயி அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்த குளிரில் அவனுக்குப் பல் கிட்டியது.

“ஏங்க்கா, நான் அவ்வளவு பஞ்சை அடைச்சு, அட்டையும் அடிச்சு, நீ இப்படிக் கதவைத் திறந்து விட்டா என்னத்துக்கு ஆகும்? மரந்தான் சத்தம் போடுது.”

ரௌஹா பனியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

“மரமா இருந்தா வீடு கொஞ்சம் குளிரும், அவ்வளவுதானே லூயி. மரமா இல்லன்னா?”